தையல் மெசினும் பலாப்பழமும்

நண்டு தேர்தல் நடத்தைக் கோவையின் மேல் ஏறி, ஏழாம் பந்தியில் நின்றது. அன்பளிப்புகளைப் பற்றிய பந்தி அது.

சுபாஸ்கரன் கதிரையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தார். பெரியமடுவில் வயலோடு வளர்ந்தவர். நண்டைக் கறியாகத்தான் அவருக்குத் தெரியும். மேசைக்கு அந்தப் பக்கம், சொந்தமாக வள்ளமும் வலையும் வைத்திருக்கும் யாகப்பர் சம்மாட்டி ஈர உரப்பை ஒன்றைப் பிடித்தபடி நின்றார். பைக்குள் இன்னும் பல கால்கள் அசைந்தன.

“இதென்ன யாகப்பர் அண்ணை?”

“நண்டு சேர். பன்னிரண்டு. ஒண்டின்ர கட்டு அவிண்டு போச்சு.”

“அது தெரியுது. ஆருக்கு?”

“உங்களுக்குத்தான்.” யாகப்பர் குரலை உயர்த்தினார். வாசலில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். “தேர்தல் நடத்துற உங்களுக்கு, தேர்தல்ல நிக்கிற நான் தாறன். எல்லாருக்கும் கேக்கட்டும். நான் ஒளிச்சு மறைச்சுச் செய்யிற ஆளில்லை.”

பையை மேசையில் வைத்துவிட்டு அவர் போய்விட்டார். சுபாஸ்கரன் நண்டையும் ஏழாம் பந்தியையும் மாறி மாறிப் பார்த்தார். பந்தி தெளிவாகத்தான் இருந்தது. தேர்தல் அலுவலருக்கு அன்பளிப்புக் கொடுக்கும் வேட்பாளரின் பெயர் நீக்கப்பட வேண்டும். அதை எழுதியவரே அவர்தான்.

விடத்தல்தீவைத் தாண்டிக் கரையோரமாகப் போனால் வரும் சிறிய ஊர் சங்குமுனை. அங்குள்ள மீனவர் சங்கத்தில் இருநூற்றுப் பதினொரு அங்கத்தவர்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை தலைவர் தெரிவு. இந்த முறை, ஊருக்குள் யாரும் யாருக்கும் சொந்தமில்லாமல் இல்லை, ஆகவே நடுநிலையான ஒருவரை அனுப்பி உதவ வேண்டும் என்று மன்னார்த் தேர்தல் கந்தோருக்குச் சங்கம் கடிதம் எழுதியிருந்தது. கந்தோரில் சுபாஸ்கரனின் மேலதிகாரியான மங்கையற்கரசி அந்தக் கடிதத்தை அவரிடம் நீட்டினார்.

“சுபாஸ்கரன், உங்களுக்குச் சட்டம் தெரியும். ஆக்களைத் தெரியாது. லீவு போட்டுக்கொண்டு போய் இதை நடத்திக் குடுங்கோ. ஒரு வேட்பாளரையும் வெட்டாமல், எனக்கு ஒரு முறைப்பாட்டுக் கடிதமும் வராமல் முடிச்சீங்கள் எண்டா, அடுத்த தேர்தலுக்கு ஒரு வாக்கெடுப்பு நிலையத்துக்குப் பொறுப்பா உங்கட பேரைச் சிபாரிசு செய்யிறன்.”

சுபாஸ்கரனுக்கு முப்பத்து நாலு வயது. ஏழு தேர்தல்களில் கடமை செய்தவர். ஏழிலும் அவருக்குக் கிடைத்தது விரலில் மை பூசும் கதிரைதான். ஒருமுறை மழைக்காலத் தேர்தலில், பொறுப்பதிகாரி தேத்தண்ணி குடிக்கப் போன பத்து நிமிடம் நிலையம் அவர் கையில் இருந்தது. ஒரு சுயேச்சைக் குழுவின் சின்னம் குடை. வரிசையில் நின்ற அறுபது பேரையும் குடையை மடக்கச் சொன்னார். பொறுப்பதிகாரி திரும்பி வந்தபோது வரிசையில் நனைந்த மூன்று பேர் நின்றார்கள். மூவரும் முறைப்பாடு எழுதிக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே இந்த முறை பெயரை வெட்டுவதில்லை என்று அவர் தனக்குள் முடிவெடுத்திருந்தார். பிழை நடந்தால் அதை நேராக்க ஒரு வழி இருக்கும். அந்த வழியைத் தேடிக் கண்டுபிடிப்பவன்தான் அதிகாரி.

அவர் அதுவரை செய்திருந்த ஒழுங்குகளில் ஒரு குறையும் இருந்ததாக அவருக்குத் தெரியவில்லை. அங்கத்தவர் பட்டியலைச் சரிபார்த்துச் சங்க மண்டபச் சுவரில் ஒட்டினார். ஒரு பிஸ்கற் ரின்னில் ஓட்டை போட்டு முறைப்பாட்டுப் பெட்டி ஆக்கினார். சின்னங்கள் விடயத்தில் மூன்று நாள் யோசித்தார். வள்ளம், வலை, மீன், நங்கூரம் எல்லாம் கடலோடு சம்பந்தப்பட்டவை. அவற்றில் ஒன்றை ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவருக்கு அநியாயம். ஆகவே கடலோடு ஒட்டும் உறவும் இல்லாத இரண்டு சின்னங்களைத் தேர்ந்தார். யாகப்பருக்குத் தையல் மெசின். அவரை எதிர்த்து நிற்கும் தோமசுக்குப் பலாப்பழம்.

இந்த இருவரையும் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயமே இருந்தது. ஒரு சனிக்கிழமைக் கூட்டத்தில்தான் பெயர்களை முன்மொழிந்தார்கள். மற்ற எல்லா அங்கத்தவரும் வந்திருக்க, அந்த இருவர் மட்டும் கடலில் நின்றார்கள். தங்கள் பெயரைத் தாங்களே தூக்கிப் பிடிக்க ஓடி வராத மனிதர்கள் என்று சுபாஸ்கரன் குறித்துக்கொண்டார். அதோடு சங்க யாப்பில் ஒரு கடுமையான விதி இருந்தது. பெயர் முன்மொழியப்பட்டவர் தானாக விலகினால், கரைவலை இழுக்கும் முறையில் அவருக்குரிய பாடு, அதாவது வலை இழுக்கும் தவணை, ஒரு வருடத்துக்கு இல்லை. நாற்பது வருடத்தில் ஒருவரும் விலகவில்லை. எந்த நாட்டிலும் இப்படி ஒரு சரித்திரம் இராது என்று அவர் நினைத்தார்.

பதவி விலகும் தலைவர் பெனடிக்ற் இன்னொரு ஆச்சரியம். கைத்தொலைபேசி அடித்தபடியே இருக்கும். கடற்படை முகாமில் இருந்து, மாவட்டக் கச்சேரியில் இருந்து, வலைச்சண்டை நடக்கும் கரையில் இருந்து. அரை மணித்தியாலத்தில் நாலு தடவை எழுந்து போவார். இவ்வளவு செல்வாக்கை ஒரு மனிதன் எப்படி விட்டுப் போவான் என்று சுபாஸ்கரன் வியந்தார். பெனடிக்றோ தினமும் காலையில் வந்து ஒரே கேள்வியைக் கேட்டார்.

“சேர், தேர்தல் தள்ளிப்போகாதுதானே?”

“ஒரு நாளும் தள்ளிப்போகாது.”

“கடவுள் உங்களை ஆசீர்வதிப்பார்.”

பதவியில் இருப்பவரே தேர்தலைத் தள்ளவேண்டாம் என்று கேட்கிறார். சுபாஸ்கரன் அதையும் குறித்துக்கொண்டார்.

இனி நண்டு.

மண்டபத்தின் திறப்புக் கொத்தை வைத்திருந்த றஞ்சிதம் உள்ளே வந்து, ஏழாம் பந்தியில் நின்ற நண்டை இரண்டு விரலால் தூக்கிப் பைக்குள் போட்டாள். மண்டபம் கூட்டுவது, தேத்தண்ணி வைப்பது எல்லாம் அவள்தான். ஐம்பது வயது, அவசரமில்லாத பேச்சு.

“சேர், நான் ஒண்டு சொல்லட்டோ?”

“வேட்பாளரைப் பற்றியோ அக்கா?”

“ஓம்.”

“அப்ப வேண்டாம். ஒருபக்கக் கதை என்ர காதில விழக்கூடாது.”

“ரெண்டு பக்கக் கதையும் ஒண்டுதான் சேர்.”

“அப்ப ரெண்டும் வேண்டாம்.”

அவள் தோளைக் குலுக்கிவிட்டுப் போனாள். சுபாஸ்கரன் யோசித்து ஒரு வழி கண்டார். நண்டைக் கன்னியர் மடத்துச் சிறுவர் இல்லத்துக்கு அனுப்பினார். ஒருவர் பெயரில் போனால் அது பிரசாரம். ஆகவே “இரு வேட்பாளர்களும் சரிசமமாக, தலைக்கு ஆறு” என்று கடிதமும் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிவில் பங்குச் சுவாமி அறிவித்தல் வாசித்தார். பிள்ளைகளுக்கு நண்டு கொடுத்த யாகப்பருக்கும் தோமசுக்கும் நன்றி. இப்படித் தாராளமனம் உள்ளவர்கள் தலைவராக வரவேண்டும் என்று தன் சார்பில் ஒரு வசனமும் சேர்த்துக்கொண்டார்.

திங்கட்கிழமை பிஸ்கற் ரின்னில் இரண்டு கடுதாசி கிடந்தன. இரண்டிலும் கையெழுத்து இல்லை. கோவிலில் வேட்பாளருக்குப் பிரசாரம் நடந்தது, ஒன்பதாம் பந்தியின்படி யாகப்பரின் பெயரை வெட்டவும் என்றது ஒன்று. மற்றது அதே பந்தியைச் சொல்லித் தோமசின் பெயரை வெட்டச் சொன்னது. இரண்டு கட்சியும் ஆளை ஆள் விழுத்தத் துடிக்கின்றன என்று சுபாஸ்கரனுக்கு விளங்கியது. கையெழுத்து இல்லாதபடியால் இது இன்னும் முறைப்பாட்டுக் கடிதம் ஆகவில்லை. ஆவதற்குள் நேராக்க வேண்டும்.

சுவாமியைப் போய்ச் சந்தித்தார். “சுவாமி, அந்த நண்டு வேட்பாளர்கள் தந்ததில்லை எண்டு ஒரு திருத்தம் சொல்லவேணும்.”

“அப்ப ஆர் தந்தது?”

“என்ர கையாலதான் வந்தது.”

“நீங்கள் தேர்தல் கந்தோர்தானே?”

“ஓம் சுவாமி.”

செவ்வாய்க்கிழமை அந்தோனியார் நவநாளில், நண்டு தந்தது தேர்தல் கந்தோர் என்று சுவாமி தெளிவாக அறிவித்தார். புதன்கிழமை காலை மண்டப வாசலில் பதினாலு பெண்கள் சட்டியோடு நின்றார்கள். மத்தியானம் மங்கையற்கரசியின் அழைப்பு வந்தது.

“சுபாஸ்கரன், நாங்கள் நண்டு குடுக்கிறமாம்.”

“இல்லை மிஸ். அது ஒரு திருத்தம்.”

“என்னத்தின்ர திருத்தம்?”

“நண்டின்ர, மிஸ்.”



“ஒருத்தரையும் வெட்டேல்லத்தானே?”

“இல்லை மிஸ்.”

“சரி. இனி நண்டுப் பக்கம் போகாதேங்கோ.”

வியாழக்கிழமை பின்னேரம் ஒரு ஓட்டோ ஊருக்குள் ஊர்ந்தது. மேலே ஒலிபெருக்கி. உள்ளே தோமஸ். உருண்டையான, வெட்கமில்லாத குரல்.

“தோமஸ் பேசுறன். பலாப்பழத்துக்குப் புள்ளடி போடாத ஆக்களின்ர வலை அறுபடும். நான் சொன்னாச் சொன்னதுதான்.”

சுபாஸ்கரன் பொதுக்கிணற்றடியில் ஓட்டோவை மறித்தார்.

“தோமஸ் அண்ணை, இது மிரட்டல்.”

“ஓம் சேர். மிரட்டல்தான். எத்தினையாம் பந்தி?”

“பதினொண்டு.”

“அதுக்கு என்ன தண்டனை?”

“பெயர் நீக்கம்.”

“எழுதுங்கோ அப்ப.” தோமஸ் தன் சட்டைப்பையில் இருந்த பேனையை எடுத்து நீட்டினார். “இஞ்ச, பேனை.”

இவ்வளவு திமிரைச் சுபாஸ்கரன் கண்டதில்லை. கை துறுதுறுத்தது. நனைந்த மூன்று பேரும் ஞாபகத்துக்கு வந்தார்கள். பேனையை வாங்கினார். பெயர் நீக்கம் எழுதவில்லை. தோமஸ் வாசிப்பதற்கு ஒரு புதிய அறிவித்தல் எழுதினார். மிரட்டல் ஒரு பக்கத்துக்கு மட்டும் என்றால்தான் குற்றம். எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னால் அது வெறும் தகவல்.

தோமஸ் அதை வேண்டாவெறுப்பாக வாசித்தார். “எந்தச் சின்னத்துக்குப் புள்ளடி போட்டாலும் வலை அறுபடலாம். கவனமாயிருங்கோ. இப்படிக்கு தேர்தல் அதிகாரி.”

வெள்ளிக்கிழமை ஒரு வள்ளமும் கடலுக்குப் போகவில்லை. பெனடிக்றின் தொலைபேசி சூடாகிப் போயிற்று. வேறு வழியில்லாமல் சுபாஸ்கரனே ஒலிபெருக்கியைப் பிடித்து, ஒருவரின் வலையும் அறுபடாது என்று உறுதி கூறினார். சனிக்கிழமை ஒருவருடைய வலை கடலடி முருகைக்கல்லில் மாட்டிக் கிழிந்தது. அவர் அதைத் தோளில் போட்டுக்கொண்டு மண்டபத்துக்கு வந்து, உறுதி தந்தவர் பொத்தித் தரவேண்டும் என்று மேசையில் வைத்தார். சுபாஸ்கரன் அன்று பொழுதுபடும் வரைக்கும் வலை பொத்தப் பழகினார்.

ஞாயிற்றுக்கிழமை வாக்கெடுப்பு. காலைப் பூசை முடிந்து ஒன்பது மணிக்குத் தொடக்கம்.

வெறும் பெட்டியைக் கவிழ்த்து இரண்டு முகவர்களுக்கும் காட்டினார். யாகப்பருக்கு முகவர் அவருடைய மருமகன் றோய். தோமசுக்கு முகவர் அவருடைய தம்பி டிலுக்சன். பெட்டியை மூடி, அரக்கு வைத்து, மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். புள்ளடி போடும் மூலையைத் துணியால் மறைத்தார். வாசலில் இருந்து ஐம்பது மீற்றருக்குச் சுண்ணாம்புக் கோடு கீறியிருந்தார். அதற்குள் ஒரு சின்னமும் வரக்கூடாது. எல்லாம் சரியாக இருந்தது. ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் வெளியே கடகடவென்று ஒரு சத்தம் கேட்டது.

பூவரசின் கீழ், வாசலில் இருந்து பத்தடியில், யாகப்பரின் மனைவி நிறஞ்சலா தையல் மெசினை வைத்துத் தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, இது சின்னம்.”

“இது மெசின் சேர்.”

“உங்கட மனிசன்ர சின்னம்.”

“ஓம். அதுதான் வேணுமெண்டு தூக்கிக்கொண்டு வந்தனான். சட்டப்படி அவரை என்ன செய்யவேணுமோ செய்யுங்கோ. நான் இதை விட்டு எழும்பன்.”

வரிசை நீளத் தொடங்கியிருந்தது. எல்லோரும் அவரையே பார்த்தார்கள். மெசினைத் தூக்கினால் அடிதடி. விட்டால் ஒருபக்கச் சார்பு. சுபாஸ்கரன் கண்ணை மூடி யோசித்தார். ஒரு தராசில் ஒரு தட்டுக் கூடினால், மற்றத் தட்டையும் கூட்டலாம்.

“றஞ்சிதம் அக்கா, தோமஸ் வீட்ட போய் ஒரு பலாப்பழம் வாங்கிக்கொண்டு வாங்கோ.”

பலாமரமே இல்லாத ஊர் அது. ஆனாலும் தோமஸ் ஐந்து நிமிடத்தில் பழத்தோடு வந்துவிட்டார். இரண்டு பேர் தூக்கிவந்த பழம். அதை மெசினுக்கு நேர் எதிரே, அளந்து பத்தடியில், ஸ்ரூலில் வைத்தார்கள். சுபாஸ்கரன் மூச்சு விட்டார். வாக்கெடுப்புத் தொடங்கியது.

கால்மணி போகவில்லை. பலாப்பழ வாசம் மண்டபத்துக்குள் வந்தது. எட்டிப் பார்த்தால், தோமஸ் கைக்கு எண்ணெய் பூசிக்கொண்டு பழத்தைப் பிளந்து, வரிசையில் நின்றவர்களுக்குச் சுளை கொடுத்துக்கொண்டிருந்தார்.

“தோமஸ் அண்ணை, வாக்காளருக்குத் தின்னக் குடுக்கக் கூடாது.”

“தெரியும் சேர். எட்டாம் பந்தி.”

“தெரிஞ்சும் ஏன்?”

“என்ர குணம் அப்படி. திருந்தமாட்டன். வெட்டுறதெண்டா வெட்டுங்கோ.”

வெட்டும் கத்தி அவர் கையில்தான் இருந்தது. சுபாஸ்கரன் பழத்தை இரண்டாகப் பிரிக்கச் சொன்னார். ஒரு பாதியைத் தோமஸ் கொடுக்கலாம். மறுபாதியை நிறஞ்சலா கொடுக்க வேண்டும். எந்த வாக்காளரும் இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு சுளை வாங்கியே உள்ளே வரவேண்டும். அப்போது ஒருவருக்கும் கடமைப்பட்டதாகாது.

வாக்காளர்கள் இரண்டு கையிலும் பலாப்பாலோடு உள்ளே வந்தார்கள். வாக்குச்சீட்டு விரலில் ஒட்டியது. ஒருவர் ஒரு சீட்டுக்குப் பதில் மூன்றோடு நடந்தார். பெட்டியின் வாய்க்குள் போன சீட்டு, போட்டவரின் கையோடு திரும்பி வந்தது. சுபாஸ்கரன் தேங்காயெண்ணெயும் சவர்க்காரமும் வைத்துக் கைகழுவ ஒழுங்கு செய்தார். கை சுத்தமானது. ஆனால் எண்ணெய் பட்ட விரலில் மை நிற்கவில்லை. ஏழு தேர்தல்களில் மை பூசிய மனிதர் முன்னால் மை ஒழுகி ஓடியது. அவர் ஒவ்வொரு விரலையும் தன் கைலேஞ்சியால் துடைத்து, ஊதி, காயவைத்து, பிறகு பூசினார். ஒரு வாக்காளருக்கு ஒன்றரை நிமிடம் எடுத்தது. நல்லவேளை, யாரும் வீட்டுக்குப் போகவில்லை. இந்த ஊர்ச் சனத்துக்குத் தேர்தலில் இருந்த அக்கறையை அவர் வேறெங்கும் கண்டதில்லை.

பதினொரு மணிக்கு யாகப்பர் வந்தார். சீட்டை வாங்கிக்கொண்டு மறைப்புக்குள் போனார். வெளியே வந்தபோது சீட்டு மடிக்கப்படாமல் அவர் கையில் இருந்தது. அதைத் தலைக்கு மேலே தூக்கப் போனார்.

“எல்லாரும் கேளுங்கோ. நான் ஆருக்குப் போட்டனான் எண்டு காட்டப் போறன். இரகசியத்தைக் காட்டினா வேட்பாளர் வெட்டுப்படுவார். பன்ரண்டாம் பந்தி.”

“கண்ணை மூடுங்கோ” என்றார் சுபாஸ்கரன்.

அவர் முதலில் தன் கண்ணை மூடினார். அவர் போட்ட குரலில் முகவர்கள் மூடினார்கள். வரிசையும் மூடியது. வாசலில் நின்ற தோமஸ் மட்டும் கண்ணை அகலத் திறந்துகொண்டு, “நான் பாத்திட்டன் சேர், நான் சாட்சி” என்றார். அவருடைய கண்ணை றஞ்சிதம் தன் முந்தானையால் பொத்தினாள்.

“யாகப்பர் அண்ணை, மடிச்சிட்டீங்களோ?”

“இல்லை.”

“நீங்கள் மடிக்குமட்டும் இஞ்ச ஒருத்தரும் கண் திறக்கமாட்டினம்.”

இருட்டில் நிற்பது போல அந்த மண்டபம் நின்றது. வெளியே மெசின் சத்தமும் ஓய்ந்திருந்தது. ஒரு நிமிடம் கழித்துக் கடுதாசி மடியும் ஓசையும், பெட்டிக்குள் விழும் ஓசையும், ஒரு பெருமூச்சும் கேட்டன. யாரும் எதையும் காணவில்லை. காணாததை எழுத முடியாது.

மூன்று மணிக்கு வாக்கெடுப்பு முடிந்தது. இருநூற்றுப் பதினொரு அங்கத்தவரில் இருநூற்றுப் பதினொருவரும் வந்திருந்தார்கள். சுபாஸ்கரன் பட்டியலை இரண்டு முறை பார்த்தார். கண் கலங்கியது. பலாப்பாலாகவும் இருக்கலாம்.

முகவர்களின் முன்னால் அரக்கை உடைத்து எண்ணினார். தையல் மெசின் நூற்றைந்து. பலாப்பழம் நூற்றைந்து. கடைசியாக ஒரு சீட்டு மிஞ்சியது. அதிலிருந்த புள்ளடி இரண்டு சின்னங்களுக்கும் நடுவில் உள்ள கோட்டின் மேல் கிடந்தது.

றோய் இரண்டு கையையும் கோர்த்து நெஞ்சில் வைத்துக்கொண்டார். டிலுக்சனின் உதடு செபம் சொல்லியது. சுபாஸ்கரன் சீட்டை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். வாக்காளரின் எண்ணம் தெளிவாகத் தெரிந்தால் சீட்டு செல்லும். அடிமட்டத்தை எடுத்தார். புள்ளடியின் இரண்டு கோடுகளும் வெட்டும் இடம் எங்கே விழுகிறதோ, அங்கேதான் எண்ணம். மூன்று முறை அளந்தார். ஒரு மில்லிமீற்றர் தையல் மெசினின் பக்கம் விழுந்தது.

“யாகப்பர் நூற்றாறு. தோமஸ் நூற்றைந்து. யாகப்பர் தெரிவு செய்யப்பட்டார்.”

டிலுக்சன் முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். தோல்வியை இளையவர்களால் தாங்க முடிவதில்லை. றோய் எழுந்து, “சேர், நாங்கள் திரும்ப எண்ணக் கேக்கிறம்” என்றார்.

“நீங்கள்தானே வெண்டது?”

“ஓம் சேர். எண்டாலும் எண்ணுங்கோ.”

வென்ற பக்கம் மறு எண்ணிக்கை கேட்பது சுபாஸ்கரன் வாசித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. நேர்மை இவ்வளவு தூரம் போகும் என்று அவர் எண்ணியிருக்கவில்லை. திரும்பவும் எண்ணினார். அதே கணக்கு. இன்னொரு தரம் எண்ணச் சொன்னார் றோய். அதே கணக்கு.

பெனடிக்ற் எங்கிருந்தோ மாலையோடு வந்து, யாகப்பர் வாசலைத் தாண்டுவதற்குள் அவர் கழுத்தில் போட்டார். யாகப்பர் மாலையோடு படியில் உட்கார்ந்தார். நிறஞ்சலா மெசினில் தலையைச் சாய்த்து விம்மி அழுதாள். நாலைந்து பெண்கள் அவளைப் பிடித்து ஆற்றினார்கள். யாகப்பர் படிவத்தில் கையெழுத்துப் போட வெகுநேரம் எடுத்தார். பொறுப்பின் பாரம் தெரிந்தவர் என்று சுபாஸ்கரன் நினைத்தார். எழுந்து நின்று அவருக்குக் கை கொடுத்தார்.

சனம் கலைந்த பிறகு மங்கையற்கரசியை அழைத்தார்.

“முடிஞ்சுது மிஸ். நூறு வீதம். ஒரு வோட்டு வித்தியாசம்.”

“ஒரு வோட்டோ? தோத்தவர் என்ன சொல்லுறார்?”

“ஒண்டும் சொல்லேல்ல மிஸ். கடிதம் ஒண்டும் தரேல்ல.”

“ஆரையும் வெட்டினீங்களோ?”

“இல்லை மிஸ். வெட்டவேண்டிய சந்தர்ப்பம் கன தரம் வந்தது. ஒவ்வொண்டுக்கும் ஒரு வழி கண்டனான்.”

“கெட்டிக்காரன்தான். நாளைக்கே சிபாரிசு எழுதுறன்.”

அவர் தொலைபேசியை வைத்துவிட்டு, நேரான எழுத்தில் அறிக்கையின் கடைசி வரியை எழுதினார். தேர்தல் சுதந்திரமாகவும் நீதியாகவும் நடைபெற்றது. இரு வேட்பாளர்களும் கடைசி வரை களத்தில் நிற்பதற்கு வேண்டிய எல்லா ஒழுங்குகளும் செய்யப்பட்டன. எழுதிவிட்டு ஒரு கணம் யோசித்தார். தற்புகழ்ச்சி போல இருக்கிறதோ என்று சந்தேகம் வந்தது. உண்மைதானே என்று விட்டுவிட்டார்.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. றஞ்சிதம் கதிரைகளை அடுக்கி, யன்னலைச் சாத்தினாள். வடக்குப் பக்கத்தில் படபடவென்று சீனவெடி வெடித்தது. ஒரு கட்டு முடிய அடுத்த கட்டு. நாய்கள் குரைத்துக்கொண்டு ஓடின.

“யாகப்பர் வீட்டில நல்ல கொண்டாட்டம் போல” என்றார் சுபாஸ்கரன்.

“அது தோமஸ் வீடு சேர்.”

“தோத்தவருக்கு என்ன வெடி?”

றஞ்சிதம் கடைசி யன்னலின் கொளுக்கியை மாட்டிவிட்டு, அவசரமில்லாமல் திரும்பினாள்.

“தப்பினவர்தானே சேர் கொளுத்துவார், நீங்கள் வந்த நாளில இருந்து ரெண்டு பேரும் தங்கட பேரை உங்களைக் கொண்டு வெட்டுவிக்கத்தானே இந்தப் பாடு பட்டவை.”